ஏ.டி.எச்.டி. உள்ள 14 வயதுப் பையனுக்கு ஓ.டி. உதவுமா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறோம். என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன மாதம் மனநல மருத்துவர் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல் சிதறும் பிரச்சினை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரமாகச் சாப்பிடுகிறான். வகுப்பில் கொஞ்சம் உட்கார முடிகிறது என்று அவனே சொல்கிறான். ஆனால் வீட்டில் காலை நேரம் பழையபடிதான். பல் தேய்க்கப் போனவன் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு பால்கனியில் புறா பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு கால் ஷூ கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. இந்த வருடம் மட்டும் மூன்று டிபன் பாக்ஸ், இரண்டு ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்திருக்கிறது. தண்ணீர் பாட்டில் கணக்கை நான் விட்டுவிட்டேன்.

ஆக்குபேஷனல் தெரபிக்கும் (ஓ.டி., அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) அழைத்துப் போங்கள் என்று மருத்துவர் சொன்னார். பக்கத்தில் விசாரித்து ஒரு சென்டருக்குப் போனோம். உள்ளே எல்லாம் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். ஊஞ்சல், பெரிய பந்து, மணி கோர்ப்பது. என் பையனுக்கு மீசை அரும்பிவிட்டது. அவன் வாசலைத் தாண்டவே இல்லை. "நான் என்ன பாப்பாவாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வயதில் ஓ.டி. உண்மையிலேயே உதவுமா? பெரிய பிள்ளைகளுக்கு என்னதான் செய்வார்கள்? என் கணவர், கொஞ்சம் கண்டிப்பாக வளர்த்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:

அக்கா, எனக்கு 19 வயது, சென்னையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கும் ஏ.டி.எச்.டி. உண்டு. உங்கள் மகன் வாசலில் நின்ற மாதிரியே நானும் 13 வயதில் நின்றிருக்கிறேன். சுவரில் வாத்துப் படம். அந்த மேடம் என்னைப் பார்க்காமல் அம்மாவிடமே எல்லாவற்றையும் கேட்டார்: "தானாகச் சாப்பிடுவானா? சட்டை பட்டன் போடுவானா?" நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிட்டேன்.

அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த முறை அழைத்துப் போகும் முன், அங்கே இருப்பவர் பெரிய பிள்ளைகளைப் பார்க்கிறவரா என்று போனில் கேட்டுவிடுங்கள். அப்புறம், முதல் நாளே அவனோடு நேராகப் பேசச் சொல்லுங்கள். அவன் வரவில்லை என்று சொன்னது சோம்பேறித்தனத்தால் இல்லை, வெட்கத்தால். அதை அவனிடம் நீங்கள் சொன்னால் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

லேத்பட்டறை:

தங்கச்சி, நான் கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு இப்போது 17 வயது, பிளஸ் டூ. பத்தாவது படிக்கும்போதுதான் அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தது. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டிலும் ஓடியவை. உங்கள் கணவர் சொன்னதை அன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்னவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஓடியாடித் திரிந்த பிள்ளை இல்லை. அமைதியாக உட்கார்ந்திருப்பாள். "நல்ல பொண்ணுங்க, ஆனா நினைப்பு எங்கேயோ இருக்கு" என்று ஒவ்வொரு வருடமும் டீச்சர்கள் சொல்வார்கள். பெண் பிள்ளைகளில் பலருக்கு இப்படிக் கவனம் மட்டும் சிதறும். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் கண்டுபிடிக்கத் தாமதமாகிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பத்தாவது காலாண்டுத் தேர்வில் கணக்குத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தது 8 மதிப்பெண் வரைபடக் கேள்வி. வரைபடம் அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும். அன்றைக்கு நான் அவளைத் திட்டிய திட்டு இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

நாங்களும் முதலில் ஒரு சென்டரில் மூன்று மாதம் போனோம். ஊஞ்சலில் உட்காரவைப்பார்கள், கையில் பிரஷ் வைத்துத் தேய்ப்பார்கள். பிள்ளை மறுப்பு சொல்லாமல் போய்வந்தாள். ஆனால் காலையில் வீட்டில் நடக்கும் ரகளையில் எந்த மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு வேறு ஒருவரைப் பிடித்தோம். அவர் முதல் நாளே என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் அவளோடு மட்டும் பேசினார். காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பது வரை ஒரு நாளைச் சொல்லச் சொல்லி, எங்கெங்கே சிக்குகிறது என்று கேட்டிருக்கிறார். அதில் அவளுக்கு எது முக்கியமோ அதை அவளே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறாய், உனக்கு அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் போட வேண்டும்.

நான் மார்க்கைத்தான் எதிர்பார்த்தேன். அவள் எடுத்த மூன்றில் மார்க் இல்லை. ரெக்கார்டு நோட்டைச் சொன்ன நாளில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. டியூஷனுக்குத் தனியாக சைக்கிளில் போக வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதாக அவள் எழுதியது: "காலையில் அம்மா அழாமல் நான் ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டும்." நான் ஏழு மணிக்கே பட்டறைக்குப் போய்விடுவேன். என் மனைவி தினமும் அழுகிறாள் என்பது எனக்கு அந்தத் தாளைப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் அங்கே எலுமிச்சை சாதம் செய்யச் சொன்னார்கள். தெரபிக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். பாருங்கள் என்றார். சாதம் வடித்து வைத்திருந்தது, தாளித்துக் கலந்தால் போதும். எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் அவளையே கணிக்கச் சொன்னார். 15 நிமிடம் என்றாள். 50 நிமிடம் ஆனது. கடுகு எடுக்கப் போனவள் வேர்க்கடலை டப்பாவைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். எண்ணெய் காய்ந்த பிறகு மிளகாயைத் தேடினாள். எலுமிச்சை நறுக்கவே இல்லை என்பது கடைசியில் தெரிந்தது. அந்தத் தெரபிஸ்ட் அம்மா எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, குறித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்: "எந்த இடத்தில் சிக்கியது? அடுத்த முறை என்ன மாற்றலாம்?" காசு கொடுத்து வருகிறோம், நீங்களே சொல்லிவிடலாமே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "நான் சொன்னால் இங்கே செய்வாள். அவளே கண்டுபிடித்தால்தான் வீட்டில் செய்வாள்" என்றார். மறு வாரம் அவள் எல்லாப் பொருளையும் மேடையில் வரிசையாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். பட்டறையில் நாங்கள் அதைச் செட்டிங் என்போம். 28 நிமிடத்தில் முடித்தாள். அதே முறையை ரெக்கார்டு நோட்டுக்கும் கொண்டுபோனார்கள்: என்ன வேண்டும், எப்படிச் செய்யப் போகிறேன், செய், சரியாக வந்ததா பார்.

அன்று இரவு பட்டறையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே இடத்தில் ஓட்டை போட வேண்டிய 200 பீஸ் வந்தால் நாங்கள் ஒவ்வொன்றையும் அளந்து கொண்டிருக்க மாட்டோம். துளை விழ வேண்டிய இடத்தில் பீஸைப் பிடித்துக்கொள்ளும் ஒரு அச்சு, அதாவது ஜிக், செய்து வைத்துவிடுவோம். நேற்று சேர்ந்த பையன்கூட அதில் வைத்துச் சரியாகத் துளை போடுவான். ஜிக் இல்லாமல் அவன் தப்பாகப் போட்டால் அவனைச் சோம்பேறி என்று எந்த மேஸ்திரியும் சொல்வதில்லை. ஆனால் என் பிள்ளையை மட்டும் ஒவ்வொரு காலையும் ஜிக் இல்லாமல் அளந்து போடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளைகளுக்கு ஓ.டி. என்ன செய்கிறது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் நாளுக்கு ஜிக் செய்கிறார்கள். போகப் போக அதைச் செய்ய அந்தப் பிள்ளைக்கே கற்றுத் தருகிறார்கள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அவள் அலமாரியின் கதவுகளைக் கழற்றிவிட்டோம். கண்ணில் படாத பொருள் அவளுக்கு இல்லாத பொருள் என்று தெரபிஸ்ட் சொன்னார். நோட்டுகளுக்கு எல்லாம் ஒரே பிரவுன் அட்டை. எது கணக்கு, எது அறிவியல் என்று எடுத்துப் பிரித்தால்தான் தெரியும். வகுப்பு ஆசிரியரிடம் அனுமதி வாங்கி முதுகுப் பக்கம் கலர் டேப் ஒட்டினோம். கணக்கு சிவப்பு, அறிவியல் பச்சை. இவ்வளவு சின்ன விஷயம், நோட்டு மாற்றி எடுத்துப் போவது பாதிக்குமேல் குறைந்தது. வாசல் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரே, ஐ.டி. கார்டு, சைக்கிள் சாவி, பஸ் பாஸ் மூன்றும் அங்கேதான். குளியலறையில் அவளுக்கு 40 நிமிடம் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஸ்பீக்கரில் நான்கு பாட்டு போடுவாள். மூன்றாவது பாட்டு முடியும்போது துண்டைக் கையில் எடுத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத் தெரியாத நேரம் காதில் கேட்டால் அவளுக்குத் தெரிகிறது.

படிக்க உட்காருவதற்கு முன் மொட்டை மாடிச் செடிகளுக்குப் படியேறி இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோவாள். அதற்குப் பிறகு 20 நிமிடம் நன்றாக உட்கார முடிகிறது என்று அவளே சொன்னாள். எல்லாப் பிள்ளைக்கும் இது பலிக்கும் என்று தெரபிஸ்ட் சொல்லவில்லை. செய்து பார்ப்போம், உதவாவிட்டால் விட்டுவிடுவோம் என்றார்.

தோற்றவையும் உண்டு. போன் அலாரம் பத்து நாள் வேலை செய்தது. அப்புறம் காதில் விழாமலே கையால் அணைக்கப் பழகிவிட்டாள். நான் ஆசையாக லேமினேட் செய்து மாட்டிய கால அட்டவணை மூன்றாவது வாரமே சுவரோடு சுவராகிவிட்டது. பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும், பழகிப் போனால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்றார்கள்.

சைக்கிளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். தெரபிஸ்ட் அவளை நிஜ ரோட்டுக்கே அழைத்துப் போனார். ஒவ்வொரு சந்திப்பிலும் கால் ஊன்றி, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இடது பக்கம் ஆட்டோ வருது, எதிரே டவுன் பஸ், இப்ப போகக்கூடாது." மூன்று வாரம் நான் மொபெட்டில் பின்னாலேயே போனேன். நான்காவது வாரம், "அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். அன்றைக்கு டியூஷன் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தாள். பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினேன்.

எங்களுக்கு ஒரு தடவைக்கு 600 ரூபாய். வாரம் ஒரு நாள் என்று நான்கு மாதம், பிறகு மாதம் இரண்டு. காலைக்கு அவள் முதலில் போட்ட எண் 2, நான்கு மாதம் கழித்துப் போட்டது 6. இன்னமும் குடை தொலைகிறது. ஆனால் என் மனைவி அழுவதில்லை.

வைகைக்கரை:

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். மகள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். என் கணவரிடமும் ஜிக் பகுதியைப் படித்துக் காட்டினேன். அவர் டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். ஓ.டி. போனால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? ஊஞ்சல், பிரஷ் எல்லாம் வேண்டவே வேண்டாமா?

திருச்சி ஓ.டி.:

வணக்கம் அம்மா. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 11 ஆண்டுகளாகப் பார்க்கிறேன், பாதிப் பேர் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த முடிவு மருத்துவருடையது. மாத்திரை கவனத்தைக் கையில் கிடைக்கச் செய்கிறது. அந்தக் கவனத்தை வைத்துப் பை அடுக்குவதையும் நேரம் கணிப்பதையும் யாராவது பழக்க வேண்டும். உங்கள் மகனுக்கு வகுப்பு சற்றுச் சரியாகி, காலை நேரம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. காலை எழும் நேரத்தில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்காமல் இருந்திருக்கலாம். எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் பேசுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதையும் சொல்லுங்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பதின்ம வயதினர் பலருக்குத் தூக்கமே தாமதமாகத்தான் வரும். அதைச் சரிசெய்யாமல் காலையைச் சரிசெய்ய முடியாது.

ஊஞ்சல், பிரஷ் முறைகள், புலன்களிலிருந்து வருவதை மூளை ஒழுங்குபடுத்துவது பற்றி ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் உருவாக்கிய சிந்தனையின் வழி வந்தவை. சில சின்னக் குழந்தைகளுக்கு நானும் அந்த வழியில் வேலை செய்கிறேன். ஆனால் இதற்கான ஆதாரம் குறைவாகவே இருக்கிறது, பெற்றோரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. 14 வயதுப் பையனுக்கு அதை மட்டும் செய்து மாதக்கணக்கில் பணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. லேத்பட்டறை அண்ணன் எழுதிய அந்த எண் போடும் முறையும், இலக்கு–திட்டம்–செய்–சரிபார் முறையும் கனடாவில் தெரபிஸ்ட்கள் உருவாக்கியவை. இரண்டாவது முறை முதலில் உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் தடுமாறும் குழந்தைகளுக்காக வந்தது. பதின்ம வயதினரிடம் அது நன்றாகப் பிடிப்பதற்குக் காரணம், இலக்கு அவர்களுடையது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவருக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தினர் 2007-இல் வெளியிட்ட மூளைப் படங்களின் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு மூளையின் மேற்பட்டை முழுத் தடிமனை எட்டுவது சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாகியிருந்தது. மற்றவர்களுக்கு ஏழரை வயது, இவர்களுக்குப் பத்தரை. திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் முன்பகுதியில் தாமதம் அதிகம். இது சராசரிக் கணக்கு, உங்கள் மகனுக்கு அப்படியே பொருந்தும் என்று அர்த்தமில்லை. ஆனால் படிப்பிலும் பேச்சிலும் 14 வயது இருக்கும் பையன், பை அடுக்குவதில் மட்டும் 11 வயதுப் பையன் மாதிரி இருந்தால், அதற்கு வளர்ப்பு காரணமில்லை. 11 வயதுப் பையனுக்குக் கொடுக்கும் துணையைக் கொடுத்தால் போதும்.

செலவு பற்றி யோசித்தால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். ஆரம்பம் என்ற பெயரைப் பார்த்துச் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அது 18 வயது வரைக்கும் உண்டான திட்டம். தனியாரிடம் போனால் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு) முடித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். பயிற்சிக் காலத்தோடு நான்கு வருடத்துக்கு மேற்பட்ட படிப்பு அது. சில மாத சான்றிதழ் வைத்துக்கொண்டு தெரபி தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். எழுத்துப் பிழை, எழுதும் வேகம், வாசிப்பில் சிரமம் இருந்தால் அதையும் இப்போதே பரிசோதியுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ்தான் பெரும்பாலும் வழி. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வைகைக்கரை:

நேற்று ராத்திரி அவனிடம் கேட்டேன். மார்க்கை விடு, ஷூவை விடு, நீ எதைச் செய்ய முடியணும்னு ஆசைப்படுறே என்று. ரொம்ப நேரம் சும்மா இருந்தான். பிறகு, "தனியா பஸ் ஏறி மேலூர் அத்தை வீட்டுக்குப் போகணும். நீ கூட வரக்கூடாது" என்றான். அவன் அப்பா உடனே, "ஸ்டாப்பில் இறங்க மறந்துட்டா?" என்று கேட்டார். "அதுக்குத்தானே கத்துக்கணும்" என்றான். வாசலில் நின்ற பையன் சொன்னது இது. கடைசிபெஞ்ச் தம்பி, நீ சொன்னபடி வெட்கத்தைப் பற்றி அவனிடம் பேசினேன். தலையாட்டினான்.

பெரிய பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவர் கிடைத்திருக்கிறார். வியாழக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார். அவன் அப்பாவும் வருகிறார். மருத்துவர் சீட்டு தவிர வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

லேத்பட்டறை:

தங்கச்சி, அவனுடைய ஸ்கூல் பையை எடுத்துப் போங்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே. புதன்கிழமை ராத்திரி உட்கார்ந்து நீங்கள் அடுக்கிவிடாதீர்கள். திறப்பதற்கு முன் தெரபிஸ்ட் அவனிடம் அனுமதி கேட்கட்டும், அவனே திறக்கட்டும். எங்கள் வீட்டுப் பையின் அடியில் ஜூன் மாதத்துச் சுற்றறிக்கை ஒன்றும், நாங்கள் இரண்டு மாதமாகத் தேடிய டியூஷன் பீஸ் ரசீதும் இருந்தன.